முகமில்லாத ரொட்டி

"அத்தை, செத்தவங்க வீட்டு ரொட்டியை அந்த வீட்டுக்காரங்க மட்டும் ஏன் தின்னக்கூடாது?"

பெர்னபே சிறுவனாக இருந்தபோது கேட்ட கேள்வி இது. கல்லறைத் திருநாளுக்காக மேசையில் அடுக்கியிருந்த ரொட்டிப் பொம்மைகளில் ஒன்றை எடுக்கப் போய், புறங்கையில் ஓர் அடி வாங்கிய பிறகு கேட்டான்.

"நம்ம பங்கு அழுகைடா," என்றாள் அத்தை. "ரொட்டி, வந்து செபம் பண்ற ஊர்க்காரங்களுக்கு."

அந்தப் பதில் ஒரு நாள் ஒரு மனிதனைச் சிறையிலிருந்து மீட்கும் என்று அத்தைக்கும் தெரியாது, அடி வாங்கிய பையனுக்கும் தெரியாது. இன்று அந்தப் பையனுக்குத் தலை நரைத்துவிட்டது. பொலிவியாவின் சுக்ரே நகரப் போலீசில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது ஊராரின் சிக்கல்களை வீட்டிலிருந்தபடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். மரியாதைக்கு அவரை எல்லோரும் டான் பெர்னபே என்பார்கள்.

அவருடைய உதவியாள் லாடிஸ்லாவோ சட்டக் கல்லூரிக்குப் போனவன். திரும்பத் திரும்பப் போனவன். தேர்வு அதிகாரிகள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கும் அளவுக்குப் போனவன். கல்லறைத் திருநாள் காலையில் இருவரும் பெத்ரோனா அம்மாளின் அச்சகத்தில் நின்றார்கள்.

"ஒரே ஒரு பக்கம், டான் பெர்னபே," என்றாள் பெத்ரோனா. கணவன் போனபின் அச்சகத்தைத் தனியாக நடத்துகிறவள் அவள். விரல் நுனிகளில் மை நிரந்தரமாகவே தங்கிவிட்டிருந்தது. "ஈய எழுத்தைக் கோத்து, நூலால கட்டி, இந்தப் பலகை மேலதான் வச்சிருந்தோம். நேத்து சகல புனிதர் திருநாள், அச்சகம் பூட்டியிருந்திச்சு. இன்னிக்கு வந்து பாத்தா மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. அது மட்டும் இல்ல."

"எந்தப் புத்தகம்?"

"அன்செல்மோ டாக்டரோட குடியரசு வரலாறு. நாலாம் பாகம்."

லாடிஸ்லாவோ தொப்பியைக் கழற்றினான். "அந்தப் புத்தகத்துல ஒரு பக்கத்தையாவது தேடி வந்து எடுத்த முதல் ஆளு இவன்தான். திருடன்னு சொல்லாதீங்க, வாசகன்னு சொல்லுங்க."

டாக்டர் அன்செல்மோ சில்வேத்தியைத் தெரியாதவர் பொலிவியாவில் இல்லை. அங்கே வக்கீல்களை டாக்டர் என்றுதான் அழைப்பார்கள். வக்கீல், செனட்டர், வரலாற்று ஆசிரியர். அவர் தெருவில் நடந்தால் மாணவர்கள் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். அவர் எழுதியதுதான் நடந்தது என்று பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுத்தார்கள்.

"பூட்டை உடைச்சிருக்காங்களா?"

"பின்கதவுக்குப் பூட்டே இல்லையே. கொக்கிதான். அது ஊருக்கே தெரியும்." அவள் குரல் உடைந்தது. "ததேயோவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. பூசையில இருந்தவனை."

ததேயோ அவளுடைய அச்சுக்கோப்பாளன். காணாமல் போன பக்கம் அவனுடைய அப்பாவைப் பற்றியது. பழைய கலகத்தின்போது படைவீட்டுக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டதாகத் தண்டிக்கப்பட்ட சார்ஜண்ட் மெலிட்டோன் கோந்தோரி. கிழக்குக் காட்டுக் கோட்டைக்கு அனுப்பப்பட்டவர், போன வருடம் அங்கேயே இறந்துபோனார்.

"அப்பனைத் துரோகின்னு எழுதின பக்கத்தை மகன் திருடினான், அவ்வளவுதான்னு போலீஸ் தலைவர் முடிச்சுட்டாரு. அரசாங்கச் செலவுல அச்சாகிற புத்தகம். நாளைக்கு விடியக்காலம் அதே கோட்டைக்குக் கைதிங்க கிளம்புறாங்க. இவனையும் சேத்துட்டாங்க. விசாரணை எல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாமாம்."

"அங்க போனவங்க யாராவது விசாரணை முடிஞ்சு திரும்பி வந்திருக்காங்களா?" என்றான் லாடிஸ்லாவோ. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

பெத்ரோனா உள்ளங்கையை விரித்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சுண்ணாம்பு முகம். ரொட்டிப் பொம்மைகளின் தலையில் பதிக்கிற முகம். ஆனால் சந்தையில் விற்கும் ரோஜாக் கன்னம் இதற்கு இல்லை. மீசை இருந்தது. நீலநிறப் படைத்தொப்பி இருந்தது.

"பலகைக்குக் கீழ கிடந்திச்சு. போலீஸ் தலைவர் பாத்துட்டு, ஆளே கிடைச்சாச்சு, பொம்மை எதுக்குன்னு வீசிட்டுப் போயிட்டாரு."

"இந்த மூஞ்சியை எனக்குத் தெரியுமே!" லாடிஸ்லாவோ குனிந்து பார்த்தான். "நேத்து சாயங்காலம் இவரோட கூடப்பிறந்தவரைத்தான் தின்னேன். ததேயோவோட அம்மா வீட்டு ரொட்டி. புருஷன் நினைவா எல்லா ரொட்டிக்கும் தொப்பி போட்டிருந்தாங்க. இந்த ஊர்ல வேற யாரும் இப்படிச் செய்யல. நான் சொன்னா நம்பலாம், நேத்து ஒரு தெரு விடாமப் போய் ஆத்துமாக்களைக் கரையேத்தியிருக்கேன்."

"செபம் பண்ணியா, தின்னியா?"

"ரெண்டும்தான். வேகமா."

பெர்னபே அந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு மெதுவாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"பெத்ரோனா அம்மா, உங்க ததேயோ நிரபராதி."

"அதுதான் எனக்குத் தெரியுமே. எப்படிச் சொல்றீங்க?"

"வீட்டுக்கு வந்த ஆத்துமா கிளம்புறது இன்னிக்கு நண்பகல்லதான். அதுவரைக்கும் அந்த வீட்டுக்காரங்க யாரும் மேசை ரொட்டியைத் தொட மாட்டாங்க. அது செபம் பண்ண வந்தவங்களுக்குக் கொடுக்கிற ரொட்டி. வேற யார் வீட்டு ரொட்டி இங்க கிடந்தாலும் ததேயோவைச் சந்தேகப்படலாம். அவன் வீட்டு ரொட்டி கிடந்தா அவனைத் தவிர மத்தவங்களைத்தான் சந்தேகப்படணும்."

லாடிஸ்லாவோ தொப்பியை மறுபடி தலையில் மாட்டினான். "தலைவரே, இதைப் போலீஸ் தலைவர்கிட்ட சொல்லலாமா?"

"அவன் இல்லைன்னு சொன்னா அவருக்குப் போதாது. யாருன்னு சொல்லணும்." பெர்னபே பலகையின் ஓரத்தில் கிடந்த, பிழை பார்க்க அடித்த மெய்ப்புத் தாள்களை எடுத்தார். காணாமல் போன பக்கத்தின் மெய்ப்பும் அதில் இருந்தது.

'காவலிலிருந்த சார்ஜண்ட் கோந்தோரி, சிச்சா மதுவின் போதையில், கலகக்காரருக்குக் கதவைத் திறந்துவிட்டான்.'

"மெய்ப்பு இருக்கு. மறுபடி கோத்தா முடிஞ்சுபோச்சு. அப்ப எடுத்தவனுக்கு என்ன லாபம்?" என்றான் லாடிஸ்லாவோ.

"ரெண்டு மூணு நாள் தள்ளிப்போகும்."

"ரெண்டு நாளுக்காகவா இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு ஓடுவான்?"

"மனசுல அதைவிடப் பெரிய கனம் இருந்தா ஓடுவான்," என்றார் பெர்னபே. தாள்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ரெகோலேட்டா மேட்டில் இருந்தது ததேயோவின் அம்மா கிரெகோரியாவின் வீடு. கறுப்புத் துணி விரித்த மேசைமேல் ரொட்டி ஏணிகள், ரொட்டிக் குதிரைகள், கரும்பு, வெங்காயப்பூ, ஒரு தட்டில் மிளகாய் போட்ட கோழி. நடுவில் நிறம் மங்கிய ஒரு படைத்தொப்பி. மகனைப் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்தும் அவள் மேசையை விட்டு நகரவில்லை. நண்பகல்வரை புருஷன் விருந்தாளி. விருந்தாளியைத் தனியே விட்டுப் போகக்கூடாது.

லாடிஸ்லாவோ கிசுகிசுத்தான். "ஊர்ல சிச்சா இல்லாத ஒரே மேசை இதுதான், தலைவரே. நேத்தே பாத்தேன். நாக்கு ஒட்டிக்கிச்சு."

அது கிரெகோரியாவின் காதில் விழுந்துவிட்டது. "அவரு குடிக்க மாட்டாருப்பா," என்றாள். "ததேயோ குழந்தையா இருந்தப்ப காய்ச்சல்ல கிடந்தான். பிழைச்சா இனிமே ஒரு சொட்டுத் தொட மாட்டேன்னு குவாதலூப்பே மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டாரு. வெளிய சொல்லக்கூடாத நேர்த்தி. குடிக்காத சிப்பாயைப் பாத்தா மத்தவங்க கேலி பண்ணுவாங்க இல்ல? கையில கோப்பையை வச்சுக்கிட்டு நடிப்பாரு."

பெர்னபேயின் கை சட்டைக்குள் இருந்த தாள்களைத் தொட்டது. போதையில் கதவைத் திறந்துவிட்டான்.

"கிரெகோரியாம்மா, நேத்து இங்க வந்தவங்கள்ல யாராவது வித்தியாசமா நடந்துக்கிட்டாங்களா?"

"வந்தவங்க பேரைக் கேக்கக்கூடாது, ஐயா. உங்களுக்குத் தெரியாததா?"

"பேர் வேணாம். என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க."

அவள் யோசித்தாள். "பொழுது சாயுறப்ப ஒரு பெரியவரு வந்தாரு. தொப்பியைக் கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டு, போர்வையை மூக்கு வரைக்கும் சுத்திக்கிட்டு. அப்பத்தான் பக்கத்து வீட்டுக்காரி, மேசை வெறிச்சோடிக் கிடக்கேன்னு பாவப்பட்டு ஒரு குடம் சிச்சாவைக் கொண்டாந்து வச்சுட்டுப் போனா. நான் எடுக்கிறதுக்குள்ள அந்தப் பெரியவரே எந்திரிச்சு, குடத்தைத் தூக்கித் தரையில வச்சாரு. 'இவரு இதைத் தொட மாட்டாரும்மா'ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு."

"செபம் பண்ணினாரா?"

"முழங்கால் போட்டாரு. உதடு அசையல. தோள்தான் குலுங்கிச்சு. நான் ரொட்டியை நீட்டினேன், வாங்க மாட்டேன்னு பின்வாங்கினாரு. கொடுக்கிறதை மறுக்கக்கூடாதுல்ல, ஐயா? கையில திணிச்சு அனுப்பினேன்."

"இந்த நேர்த்தி வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியாருக்குத் தெரியும், அவரும் போய்ச் சேந்துட்டாரு. அப்புறம்..." அவள் தொப்பியைத் தடவினாள். "விசாரணையப்ப வக்கீல்கிட்ட சொல்லியிருக்கேன்னு அவரு கடைசியா சொன்னாரு. போதைங்கிற குற்றச்சாட்டு அதிலயே விழுந்துடும்னு நம்பினாரு. கோர்ட்டுக்குள்ள எங்களை விடல. அந்த வக்கீலு பேரு கூட எனக்குத் தெரியாது. சின்ன வயசுப் பையன்னு சொன்னாங்க."

வெளியே வந்ததும் லாடிஸ்லாவோ பெருமூச்சு விட்டான். "வக்கீலைத் தேடணும். சுக்ரேல! தெருவுல நின்னு தும்மினா நாலு டாக்டர் கைக்குட்டை நீட்டுற ஊர் இது. மொத்த ஊரையும் வரிசையில நிக்க வச்சுடலாமா?"

பெர்னபே ஒரு சுவரோரம் உட்கார்ந்து மெய்ப்புத் தாள்களைப் படிக்க ஆரம்பித்தார். காணாமல் போன பக்கத்தை அல்ல, அதற்கு அடுத்த பக்கங்களை. அங்கே விசாரணை நடந்த கதை இருந்தது.

"லாடிஸ்லாவோ, உன் கண்ணு நல்ல கண்ணு. இதுல யார் யார் பேரெல்லாம் வருதுன்னு படி."

அவன் சத்தமாகப் படித்தான். தலைமை நீதிபதியின் பெயர். உடன் உட்கார்ந்த இரண்டு படைத்தலைவர்களின் பெயர். குற்றம் சாட்டிய வக்கீலின் பெயர், அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பது. தீர்ப்பை அறிவிக்க ஊதுகுழல் ஊதியவனின் பெயர். "தளபதியோட குதிரை செந்நிறமாம், ஒரு கால் மட்டும் வெள்ளையாம், அதுக்குப் பேரு மின்னலாம். அடடா, குதிரைக்கே சரித்திரத்துல இடம் கிடைச்சிருக்கு, எனக்கு ஒரு பட்டம் கிடைக்கல."

"சார்ஜண்டுக்காக வாதாடின வக்கீல் பேரு?"

லாடிஸ்லாவோ தாளைப் புரட்டினான். திரும்பப் புரட்டினான். அவன் முகத்திலிருந்த கேலி மெல்ல வடிந்தது.

"இல்ல, தலைவரே."

"குதிரை பேரைக்கூட விடாத மனுஷன் ஒரே ஒரு பேரை விட்டிருக்காரு."

லாடிஸ்லாவோ தாழ்ந்த குரலில் சொன்னான்: "அவரோட புத்தகத்தை அவரே ஏன் திருடணும்? பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டா வேலை முடிஞ்சுது."

"கோடு போட்டா ஏன் போட்டேன்னு சொல்லணும். அந்தத் தைரியம் வராதவருதான் எழுத்தையே தூக்கிட்டுப் போவாரு. வா."

டாக்டர் அன்செல்மோவின் படிப்பறையில் கூரைவரை புத்தகங்கள். அவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, கனத்த கண்ணாடி. எழுந்து வணக்கம் சொன்னபோது நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரவு தூங்காத கண்கள்.

"திருட்டு விஷயமா வந்திருப்பீங்க. ஆள் கிடைச்சுட்டதா கேள்விப்பட்டேன்."

"கிடைச்சுட்டதா நினைக்கிறாங்க, டாக்டர்."

பெர்னபேயின் பார்வை அறையைச் சுற்றி வந்து சுவரில் நின்றது. அங்கே சிலுவையில் இயேசுவின் பாடுபட்ட சுரூபம். அதன் கீழே சிறிய மாடத்தில் ஒரு வெள்ளைத் துணி. துணிமேல் ஒரு ரொட்டிப் பொம்மை. மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி.

லாடிஸ்லாவோவும் பார்த்துவிட்டான். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

பெர்னபே சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்பு முகத்தை எடுத்துக்கொண்டு மாடத்தருகே போனார். அதைக் குழியில் வைத்தார். சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. நீலத்தொப்பி அணிந்த சார்ஜண்ட் மூவரையும் பார்த்தார்.

"வேற திருடனா இருந்தா இதைத் தின்னிருப்பான், இல்ல சாக்கடையில எறிஞ்சிருப்பான்," என்றார் பெர்னபே மெதுவாக. "நீங்க விசுவாசி, டாக்டர். ஆத்துமாவோட ரொட்டியை எறிய மனசு வரல. உண்மையா செபம் பண்ணாதவரு அதைத் தின்னவும் கூடாது. அதான் இங்க இருக்கு."

வீட்டின் உள்ளே எங்கோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. டாக்டர் அன்செல்மோ கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையிலிருந்து ஒவ்வொரு தடவை கதவு தட்டுறப்பவும் நீங்களா இருக்கணும்னு நினைச்சேன்," என்றார். "நீங்களா இருக்கக்கூடாதுன்னும் நினைச்சேன்."

அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு போர்வை மூட்டையை இழுத்தார். அதற்குள் நூல் கட்டு அவிழாமல் அந்த ஈயப் பக்கம்.

"அந்த அம்மா என் கையில ரொட்டியைத் திணிச்சப்ப அங்க நிக்க முடியல. எங்க போறேன்னு தெரியாமலே அச்சகத்துக்குப் போயிட்டேன். நாளைக்கு இது அச்சேறிடும், அச்சேறினா நிலைச்சுடும்னு மட்டும்தான் தோணிச்சு. பையனைப் பிடிப்பாங்கன்னு நினைக்கவே இல்ல. பிடிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சப்ப..." அவர் நிறுத்தினார். "வாயைத் திறக்கல. மறுபடியும்."

"கதவைத் திறந்தது யாரு, டாக்டர்?"

"லெப்டினன்ட் கஸ்பார். இப்ப ஜெனரல். என் மனைவியோட அண்ணன். அப்ப எங்களுக்கு நிச்சயம் ஆகியிருந்திச்சு. நான் உண்மையைச் சொன்னா அந்தக் குடும்பமே அழிஞ்சிருக்கும். மெலிட்டோனுக்காக வாதாட என்னைத்தான் நியமிச்சாங்க. எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னாரு. 'நீங்க இருக்கீங்க, ஐயா, எனக்குப் பயமில்ல'ன்னாரு. நீதிபதி கேட்டாரு, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புல ஏதாவது சொல்லணுமான்னு." அவர் குரல் இறங்கியது. "நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல, டான் பெர்னபே. அதுக்கப்புறம் பொய்யை எழுதி வச்சேன். எழுத எழுத அதுவே நிஜம் மாதிரி ஆயிடும்னு நினைச்சேன். ஆகல."

லாடிஸ்லாவோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று அந்த வீட்டில் அவன் வாய்க்குள்ளேயே உருட்டித் தள்ளிய பரலோக மந்திரம் இப்போது அவனுக்கு நினைவு வந்தது.

"போலீசைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல. உங்களைப் பிடிச்சுட்டுப் போக நான் வரல." பெர்னபே தொப்பியை எடுத்தார். "நான் சொன்னா பையன் வெளிய வருவான், அவ்வளவுதான். நீங்களா நடந்து போய்ச் சொன்னா அவன் அப்பாவும் பழியிலிருந்து வெளிய வருவாரு. கனமா இருந்தா, அந்த மூட்டையை இவன் தூக்கிட்டு வருவான். உங்க பின்னால வருவான், பக்கத்துல இல்ல. உங்களைப் பிடிச்சுட்டுப் போறதா யாரும் நினைக்க மாட்டாங்க."

டாக்டர் அன்செல்மோ சில்வேத்தி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். நாற்காலியின் கையைப் பிடிக்கவில்லை.

அவர்கள் மைதானத்தைக் கடக்கும்போது நண்பகல் மணிகள் அடிக்க ஆரம்பித்தன. எல்லாக் கோபுரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில். ஆத்துமாக்கள் விடைபெறும் நேரம். தெருவில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

போலீஸ் தலைவர் முதலில் சிரித்தார். பிறகு டாக்டருக்கு வெயில் தாக்கிவிட்டதென்று நினைத்துத் தண்ணீர் வரவழைத்தார். அதன்பின் ஜெனரலின் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஆனால் டாக்டர் சொன்னதையே சொன்னார். ஜன்னல் வழியே தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். ஊரறிந்த செனட்டர் தன்மேல் தானே சாட்சி சொல்லும்போது வேறொருவனைப் பூட்டி வைத்திருக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. ததேயோ மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான். டாக்டர் அவனிடம் இரண்டு தாள்களை நீட்டினார். காணாமல் போன பக்கத்துக்குப் பதிலாக அங்கேயே உட்கார்ந்து எழுதிய புதிய பக்கம். கதவைத் திறந்தவரின் பெயர் அதில் இருந்தது. வாதாடாத வக்கீலின் பெயரும் இருந்தது.

ததேயோ நின்றபடியே படித்தான். இரண்டு முறை படித்தான். தாள்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அம்மா வீட்டுப் பக்கம் நடந்தான்.

"மன்னிச்சுட்டானா, தலைவரே?" என்றான் லாடிஸ்லாவோ.

"அது அவன் கையில இருக்கு. கேக்கிறதுக்கு நமக்கு உரிமையில்ல. நீ எங்க கிளம்பிட்ட?"

"கிரெகோரியாம்மா வீட்டுக்கு. நேத்து பண்ண செபத்துல பாதி வார்த்தையை முழுங்கிட்டேன்." அவன் காதைச் சொறிந்தான். "ரொட்டி வேணாம்னு முதல்லயே சொல்லிடறேன்."

அன்று பிற்பகல் நீதிமன்றத்துக்கு விடுமுறை. வாயிற்காவலன் டாக்டருக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஏதோ பழைய கோப்புப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டான்.

கூடத்தில் யாருமில்லை. நீதிபதிகளின் நாற்காலிகளில் தூசித்துணி போர்த்தியிருந்தது. உயர்ந்த ஜன்னல்கள் வழியே விழுந்த வெயில் குற்றவாளிக் கூண்டின் கம்பிகள்மேல் கிடந்தது. டாக்டர் அன்செல்மோ குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வக்கீலின் இடத்துக்குப் போய் நின்றார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. தேவைப்படவில்லை, அந்த வாதத்தின் ஒவ்வொரு வரியையும் அவர் மனத்துக்குள் எத்தனையோ முறை எழுதி எழுதி அழித்தவர்.

அவர் கூண்டின் பக்கம் திரும்பித் தலை வணங்கினார். பிறகு காலி நாற்காலிகளை நோக்கி நிமிர்ந்தார்.

"கனம் நீதிபதிகளே, என் கட்சிக்காரர் மெலிட்டோன் கோந்தோரி அன்று குடிக்கவில்லை..."

சாட்சிகளை ஒவ்வொருவராக அழைத்தார். அவர்கள் சொல்லியிருக்க வேண்டியதை எடுத்துச் சொன்னார். லெப்டினன்டைக் குறுக்கு விசாரணை செய்தார். சில இடங்களில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெயில் கூண்டை விட்டு விலகிச் சுவரில் ஏறிக் கூரையைத் தொட்டது. பின்னால் நாற்காலி இருந்தது.

கடைசி வார்த்தை முடியும்வரை அவர் உட்காரவில்லை.